மதுரையில் படகு சவாரி: தெப்பக்குளம், வைகைக் கரை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூரிலிருந்து சொந்தக்காரர்களும் நண்பர்களும் மதுரைக்கு வரும்போது, மீனாட்சியம்மன் கோவிலுக்கு அடுத்தபடியாக என்னிடம் கேட்பது ஆற்றைப் பற்றித்தான். "வைகையில படகு ஓடுதா? ஆத்தங்கரை ஓரமா ஊரைச் சுத்திப் பாக்க முடியுமா?" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில். அதனால் குளத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வைகை ஆற்றில் படகு சவாரி உண்டா?

இல்லை. மதுரை நகருக்குள் வைகை ஆற்றில் சுற்றுலாப் படகு எதுவும் ஓடுவதில்லை. படகில் ஏற வேண்டுமென்றால் ஊரின் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போக வேண்டும். குளத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும் காலத்தில் அங்கே படகு விடுகிறார்கள். ஆற்றங்கரையை நடந்தோ வண்டியிலோதான் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரு நாளில் நன்றாகப் பார்த்துவிடலாம்.

ஆற்றில் ஏன் படகு விடுவதில்லை?

வைகை வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வருசநாட்டுப் பக்கம் பிறந்து, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று 258 கிலோமீட்டர் போகிறது. வழியில் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை. 1959-இல் திறந்தது. அங்கே தேக்கும் தண்ணீரைப் பாசனத்துக்கும் குடிநீருக்கும் கணக்குப் பார்த்துத்தான் திறந்து விடுவார்கள். மதுரைக்குள் ஆறு கரை முட்ட ஓடுவது வருஷத்தில் சில நாட்கள்தான். மற்ற நாட்களில் மணல், புல், நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர், தேங்கிய இடங்களில் ஆகாயத்தாமரை. நகரத்தின் கழிவுநீரும் அதில் கலக்கிறது. படகு மிதக்கத் தேவையான ஆழம் கிடையாது. ஆழம் வருகிற நாளிலோ வெள்ளத்தின் வேகத்தில் படகை இறக்க முடியாது.

அணைக்கு வரும் தண்ணீரிலும் பெரும் பங்கு வைகையின் சொந்தத் தண்ணீர் இல்லை. மேற்கே கேரளத்துப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டார்கள். 1895-இல் அந்த வேலை முடிந்தது. முன்னால் நின்று கட்டியவர் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக். தேனிப் பக்கம் இன்றைக்கும் வீட்டில் அவர் படத்தை மாட்டிப் பொங்கல் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் வராமல் இருந்திருந்தால் மதுரையைச் சுற்றி இவ்வளவு நெல் விளைந்திருக்காது.

அப்போ முன்பும் வைகையில் படகே ஓடியதில்லையா?

ஓடியிருக்கிறது. இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும், ஏனென்றால் பதில் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரைக்கு வந்து சேரும் இடத்தில், வைகையின் பெரிய துறையில் மூன்று விதமான படகுகள் ஓடியதாக இளங்கோவடிகள் சொல்கிறார். குதிரை முகம் வைத்த படகு, யானை முகம் வைத்த படகு, சிங்க முகம் வைத்த படகு. பரிமுக அம்பி, கரிமுக அம்பி, அரிமுக அம்பி என்று பெயர். அம்பி என்றால் படகு.

அந்தப் பெரிய துறையில் மூவரும் ஏறவில்லை. ஒதுக்குப்புறமாக ஒரு மரப்புணையில் ஏறி ஆற்றைக் கடந்து, சோலைகள் இருந்த தென்கரையில் இறங்குகிறார்கள். ஆறு முழுக்கப் பூ மிதந்து தண்ணீரே தெரியவில்லை. கண்ணகிக்கு வரப்போகும் துயரம் வைகைக்கு முன்பே தெரிந்துவிட்டது, அதனால்தான் தன் கண்ணீரைப் பூவால் மறைத்துக்கொண்டாள் என்று அந்த இடம் போகிறது. இரண்டு பேரும் "இது தண்ணீர் ஆறு இல்லை, பூ ஆறு" என்று சொல்லிக்கொண்டே கடக்கிறார்கள். வைகை மேல் போகும் ஏ.வி. பாலத்தில் பஸ் நிற்கும்போதெல்லாம் கீழே பார்த்து எனக்கு இந்த இடம் நினைவுக்கு வரும்.

சங்க நூலான பரிபாடலிலும் வையைக்கு, அதாவது வைகைக்கு, தனி இடம் உண்டு. முழுதாகக் கிடைத்த 22 பாட்டில் 8 பாட்டு வையையைப் பற்றியவை. புதுவெள்ளம் வந்தால் ஊரே திரண்டு ஆற்றுக்குப் போய் நீராடியதை அந்தப் பாட்டுகளில் பார்க்கலாம்.

தெப்பக்குளம் எங்கே இருக்கிறது? வண்டியூர் என்று கேட்டால் போதுமா?

போதாது. இதில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். வண்டியூர் ஆற்றுக்கு வடக்கே இருக்கும் ஊர். வண்டியூர் கண்மாய் என்று பெரிய நீர்நிலை ஒன்றும் வடகரைப் பக்கம்தான் இருக்கிறது. தெப்பக்குளம் ஆற்றுக்குத் தெற்கே, காமராசர் சாலை போய் முடியும் இடத்தில், தியாகராசர் கல்லூரிக்கு எதிரே. என் சித்தப்பா குடும்பம் சென்னையிலிருந்து வந்தபோது ஆட்டோவில் "வண்டியூர் போங்க, படகு ஓடுற இடம்" என்று மட்டும் சொல்லி ஏறினார்கள். அவர் கண்மாய்க்கரையில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். சித்தி அங்கே நின்று போன் பண்ணி, "எங்கடா மண்டபத்தைக் காணோம்?" என்றார். அங்கிருந்து ஆற்றைத் தாண்டி வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது.

எனவே "மாரியம்மன் தெப்பக்குளம்" என்று கேளுங்கள். மீனாட்சியம்மன் கோவிலிலிருந்து சுமார் நாலு கிலோமீட்டர். பெரியார் நிலையத்திலிருந்து டவுன் பஸ் இருக்கிறது, ஷேர் ஆட்டோவும் கிடைக்கும்.

குளத்தின் வரலாறு என்ன?

திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டியது. ஏறத்தாழ 1000 அடிக்கு 950 அடி, கிட்டத்தட்டச் சதுரம். நாலு பக்கமும் கல் படிக்கட்டு, நடுவில் மைய மண்டபம். நாயக்கர் மஹால் கட்டச் செங்கல்லுக்காக இங்கே மண் எடுத்தார்கள், பள்ளமான இடத்தைக் குளமாக்கினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அப்படித் தோண்டும்போது கிடைத்தவர்தான் இப்போது மீனாட்சியம்மன் கோவிலுக்குள் உட்கார்ந்திருக்கும் முக்குறுணி விநாயகர் என்பதும் அந்தக் கதையின் பகுதி. ஒரு குறுணி 6 படி, மூன்று குறுணி 18 படி. விநாயகர் சதுர்த்திக்கு அவ்வளவு அரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்து படைப்பதால் அந்தப் பெயர். கோவிலுக்குள் அவரைப் பார்த்துவிட்டு அப்புறம் குளத்துக்கு வந்தால், அவ்வளவு பெரிய உருவம் மண்ணுக்குள் கிடந்த இடம் இது என்று பார்க்கத் தோன்றும்.

குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வைகையிலிருந்துதான். ஆற்றில் தண்ணீர் வரும்போது வாய்க்கால் வழியாகக் குளத்துக்கு வந்து சேருகிற மாதிரிதான் நாயக்கர் காலத்தில் கட்டியிருக்கிறார்கள். இடையில் அந்த வழி அடைபட்டுப் போனது. நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் தெப்பக்குளம் என்றால் எங்களுக்குக் கிரிக்கெட் மைதானம். ஒரே நேரத்தில் ஏழெட்டு ஆட்டம் நடக்கும். மைய மண்டபத்துச் சுவரில் பட்டால் நாலு ரன். அந்த மண்டபத்துக்கு நடந்தே போய், நிழலில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைப் பகிர்ந்துகொண்டு திரும்புவோம். குளத்தின் நடுவில் நிற்கிறோம் என்கிற நினைப்பே இருக்காது.

பிறகு பனையூர்க் கால்வாயைத் தூர்வாரி, ஆற்றுத் தண்ணீரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். குளம் நிறைந்த முதல் வாரம் சுற்றுவட்டாரமே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது. பக்கத்துத் தெருக்களில் கிணற்றிலும் போரிலும் தண்ணீர் மட்டம் ஏறியது. எங்கள் வீட்டுப் போரில் கோடையில் காற்றுதான் வரும், அந்த வருஷம் சித்திரையிலும் தண்ணீர் வந்தது. படகு சவாரி தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். படகு வந்ததைவிட எங்களுக்குப் பெரிய விஷயம் தண்ணீர் வந்ததே.

படகில் போனால் என்ன பார்க்கலாம்?

படகு மைய மண்டபத்தைச் சுற்றி வரும். கரையிலிருந்து பார்க்கும்போது மண்டபம் கைக்கு அடக்கமாகத் தெரியும். பக்கத்தில் போகப் போகத்தான் அது ஒரு தீவு என்பது புரியும். நடுவில் உயர்ந்த மண்டபம், மூலைகளில் சின்னச் சின்ன மண்டபங்கள், உள்ளே மரங்கள். புறாக்களும் கொக்குகளும் அந்த மரத்தில்தான் குடியிருக்கின்றன. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் அவை கூட்டமாகத் திரும்பும்.

தீவின் கல் சுவரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தண்ணீர் எந்தெந்த மட்டத்தில் நின்றதோ அங்கெல்லாம் ஒரு கோடு இருக்கும். மேலே வெளுத்த கோடு, அதற்குக் கீழே பாசியின் பச்சைக் கோடு, தண்ணீரை ஒட்டி ஈரத்தின் கறுப்புக் கோடு. படகு நகர நகர அந்தக் கோடுகளும் சுவரோடு கூடவே வரும். போன மழைக்குக் குளம் எவ்வளவு நிறைந்தது, இப்போது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போனபோது நடந்ததையும் சொல்கிறேன். படகு கிளம்பியதும் அவர் மண்டபத்தையெல்லாம் பார்க்கவில்லை. விளிம்பைப் பிடித்துக் குனிந்து, ஒரு கையில் தண்ணீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அழுக்குத் தண்ணி அப்பத்தா" என்றேன். "ஆத்துத் தண்ணிடா, நம்ம வைகை" என்றார். லைஃப் ஜாக்கெட்டுக்கு மேலே சேலை முந்தானையை இழுத்துவிட்டபடி ஒரு சுற்று முழுக்கத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். குனிய வேண்டாம், கையை நீட்ட வேண்டாம் என்று படகில் சொல்வார்கள், கேட்டு நடந்துகொள்ளுங்கள். அப்பத்தா கேட்கவில்லை, நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

சவாரி நீண்ட நேரம் இருக்காது. மணிக்கணக்கில் ஆற்றோடு போகிற படகுப் பயணத்தை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். தண்ணீரின் மட்டத்திலிருந்து அந்த மண்டபத்தையும் நாலு கரையையும் பார்ப்பதற்காகப் போங்கள்.

கட்டணம் எவ்வளவு? எத்தனை மணிவரை ஓடும்?

குத்தகை மாறும்போது கட்டணம், நேரம், படகின் வகை எல்லாமே மாறுகின்றன. சீட்டுக் கொடுக்கும் இடத்தில் எழுதி வைத்திருப்பதுதான் அன்றைய கணக்கு. தண்ணீர் குறைந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். அதனால் கிளம்பும் முன் தங்கியிருக்கும் லாட்ஜிலோ ஆட்டோக்காரரிடமோ "குளத்துல தண்ணி கிடக்கா, படகு ஓடுதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில்லறையும் கையில் இருக்கட்டும்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்த பிறகு, மார்கழி முதல் மாசிவரை. குளமும் நிறைந்திருக்கும், வெயிலும் தாங்கும். பங்குனிக்கு மேல் பகல் மூன்று மணிக்குப் படகில் ஏறாதீர்கள், மேலே கூரை இருந்தாலும் தண்ணீரிலிருந்து திருப்பி அடிக்கும் வெயில் மண்டையைப் பிளக்கும். சாயங்காலம்தான் சரி. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம்.

வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிப் போகலாமா?

போகலாம். கவனிக்க வேண்டியது படிக்கட்டை. பழைய கல் படி, உயரம் அதிகம், தண்ணீரை ஒட்டிய படிகளில் பாசி வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் கையைப் பிடித்து இறங்குவது நல்லது. லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏறாதீர்கள். "பத்து நிமிஷம்தானே" என்று விட்டுவிடாதீர்கள், குளம் ஆழமானது. குழந்தைகளின் ஜாக்கெட்டில் கொக்கிகளை நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

தெப்பத் திருவிழா அன்று வந்தால் படகில் போகலாமா?

அன்று தண்ணீர் சாமிக்கு. தை மாதப் பௌர்ணமியை ஒட்டி வரும் திருவிழா இது. தைப்பூசம் திருமலை நாயக்கர் பிறந்த நாள் என்பார்கள். முந்தின நாள் சிந்தாமணியில் கதிரறுப்புத் திருவிழா நடக்கும். தெப்பத்தன்று விடியற்காலையிலேயே மீனாட்சியும் சுந்தரேசுவரரும் கோவிலை விட்டுக் கிளம்பி, காமராசர் சாலை வழியாகக் குளக்கரைக்கு வந்துவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: சாமி இங்கே வந்துவிடுவதால் அன்று பகலில் மீனாட்சியம்மன் கோவில் நடை சாத்தியிருக்கும். வரிசையில் நிற்கலாம் என்று அங்கே போனால் வீண் அலைச்சல்.

தெப்பத்தை இழுப்பது கரையில் நிற்கும் ஆட்கள். மூங்கிலும் துணியுமாக அலங்கரித்த தெப்பத்தில் வடத்தைக் கட்டி, கரையோரமாக நடந்தபடி இழுத்து மைய மண்டபத்தைச் சுற்றி வரச் செய்வார்கள். காலையில் இரண்டு சுற்று, இரவில் ஒரு சுற்று. வடம் தண்ணீரிலிருந்து விறைத்து எழும்போது அதிலிருந்து சொட்டும் நீர், பின்னால் விளக்கு வெளிச்சம், நாதசுரம். இரவுச் சுற்றைப் பார்க்காமல் போகாதீர்கள். கரையில் நல்ல இடம் பிடிக்க ஆறு மணிக்கே வந்துவிட வேண்டும்.

குளம் காய்ந்து கிடந்த வருஷங்களில் நிலைத்தெப்பம்தான். தெப்பத்தை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்து, சாமியை அதில் எழுந்தருளச் செய்து, தெப்பம் சுற்றாமலே விழாவை முடிப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். முதல்முறை தண்ணீரில் தெப்பம் நகர்ந்தபோது என் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அப்படியே அழுதுவிட்டார்.

சரி, வைகைக் கரையை எப்படிப் பார்ப்பது?

சிம்மக்கல்லிலிருந்து தொடங்குங்கள். கோவிலின் வடக்குப் பக்கமிருந்து நடந்தே வந்துவிடலாம். இந்தப் பக்கத்துத் தெருக்களின் பெயரைக் கேட்டுக்கொண்டே வாருங்கள்: பேச்சியம்மன் படித்துறை, திருமலைராயர் படித்துறை, கொஞ்சம் கிழக்கே போனால் ஓபுளா படித்துறை. எல்லாம் ஆற்றில் இறங்கிய படிகளின் பெயர். இன்றைக்கு அங்கே கடையும் வீடும் சாலையும்தான் இருக்கின்றன. பஸ்ஸில் "படித்துறை ஒண்ணு" என்று டிக்கெட் கேட்கிறவர்கள் படியையும் துறையையும் நினைத்தா கேட்கிறார்கள்? ஆனால் பெயர் மட்டும் விடாமல் ஆற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

யானைக்கல் தாண்டினால் ஏ.வி. பாலம். ஆல்பர்ட் விக்டர் என்ற ஆங்கிலேய இளவரசர் பெயரில் 1889-இல் திறந்தது. கல் வளைவுகள் மேல் நிற்கும் அந்தப் பாலத்தில்தான் இன்றும் கோரிப்பாளையத்துக்கும் ஊருக்கும் இடையே பஸ் போகிறது. நடைபாதையில் நின்று கீழே பார்த்தால் ஆற்றுக்குள்ளேயே ஒரு பழைய கல் மண்டபம் தெரியும். ஆறு நிறைந்து போகும் நாளில் மண்டபத்துத் தூண்களைச் சுற்றித் தண்ணீர் சுழித்துப் போவதைப் பார்க்க ஊரே பாலத்தில் நிற்கும், போலீஸ் விசில் அடித்து நகரச் சொல்வார்கள். வெறும் நாளில் அதே மண்டப நிழலில் மாடு படுத்திருக்கும்.

வடகரையில் இறங்கினால் கோரிப்பாளையம் தர்கா. கொஞ்ச தூரத்தில் தமுக்கம், ராணி மங்கம்மாள் அரண்மனையில் இயங்கும் காந்தி அருங்காட்சியகம். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

மேற்கே அரப்பாளையம் பக்கம் போக நேரமிருந்தால் புட்டுத்தோப்பு. வைகைக்கரை உடைந்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வர வேண்டும் என்று அரிமர்த்தன பாண்டியன் உத்தரவு போட்டான். ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சிவபெருமானே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு மண் சுமந்தார், பாண்டியனின் பிரம்படியும் பட்டார். அந்த அடி எல்லோர் முதுகிலும் விழுந்தது என்பது திருவிளையாடல். ஆவணி மூலத்தன்று அங்கே அதை நடத்திக் காட்டுவார்கள். கரையை உடைக்கிற அளவுக்கு வெள்ளம் வந்த ஆறு இது என்பது அந்தக் கதையிலேயே பதிந்திருக்கிறது.

ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

வைகை அணையின் நீர்மட்டச் செய்தியைப் பாருங்கள். அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடி வந்தால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாவது, 69 அடிக்கு மூன்றாவது. மூன்றாவது எச்சரிக்கைக்குப் பிறகு உபரிநீரைத் திறந்தால் மதுரையில் ஆறு இரு கரையையும் தொட்டுப் போகும். அந்த நாட்களில் தரைப்பாலங்களை மூடிவிடுவார்கள். பாலத்தின் மேல் நின்று பாருங்கள், ஆற்றுக்குள் இறங்கிப் படம் எடுக்காதீர்கள். தண்ணீர் கூடுவது தெரியாது, கூடிய பிறகுதான் தெரியும்.

வைகையில் குளிக்கலாமா?

நகருக்குள் வேண்டாம். கழிவுநீர் கலக்கிறது, மணல் அள்ளிய பள்ளங்களும் இருக்கின்றன.

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வரலாமா?

கட்டாயம் வாருங்கள். சித்ரா பௌர்ணமி விடியலில், தங்கக் குதிரை வாகனத்தில், ஏ.வி. பாலத்துக்குப் பக்கத்தில் கள்ளழகர் ஆற்றில் இறங்குவார். இதற்காகவே அணையிலிருந்து தண்ணீர் திறப்பார்கள். முந்தின நாள் மூன்றுமாவடியில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை. என்ன நிறத்துப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதுதான் அன்று காலை எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. பச்சைப் பட்டு என்றால் அந்த வருஷம் மழைக்கும் விளைச்சலுக்கும் குறைவிருக்காது என்பது நம்பிக்கை. சொம்பில் சர்க்கரை நிறைத்துச் சூடம் ஏற்றி வைத்துக்கொண்டு நிற்பார்கள், தோல்பையில் தண்ணீரை அடைத்துப் பீய்ச்சுவார்கள். நனையாமல் திரும்ப முடியாது, செல்போனைப் பாலித்தீன் பையில் கட்டிக்கொள்ளுங்கள்.

முன்பு அழகர் தேனூரில் ஆற்றில் இறங்கினார், திருமலை நாயக்கர்தான் இதை மதுரைக்குக் கொண்டுவந்து மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்தார். அதன் நினைவாக, சாபத்தால் தவளையான மண்டூக முனிவருக்கு அழகர் சாபம் தீர்க்கும் இடத்துக்கு இன்றும் தேனூர் மண்டபம் என்றே பெயர். கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் விடியற்காலைக் கூட்டத்துக்குள் போகாதீர்கள். அவர்களுக்குப் பகலில் ராமராயர் மண்டபத்துப் பக்கமோ மறுநாள் வண்டியூரிலோ தரிசனம் சுலபம்.

ஊருக்கு வெளியே ஆற்றைப் பார்க்க நல்ல இடம் எது?

மேற்கே சோழவந்தான் பக்கம் திருவேடகம். சமணர்களோடு நடந்த வாதத்தில் திருஞானசம்பந்தர் வைகையில் விட்ட ஏடு தண்ணீரை எதிர்த்துப் போய் ஒதுங்கிய இடம். ஏடு அகம், ஏடகம். சுற்றிலும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும் நெல்லும். வைகை ஆறாகத் தெரிவது இங்கேதான், எனக்கு மிகவும் பிடித்த கரையும் இதுதான்.

தென்கிழக்கே கீழடி, மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். வைகைக்கரையில் 2600 வருஷத்துக்கு முன்பே செங்கல் வீடும் எழுத்தும் நெசவும் இருந்ததைக் காட்டிய மண். அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது. பானை ஓட்டில் கீறியிருக்கும் பெயர்களைப் பக்கத்தில் நின்று பாருங்கள், யாரோ ஒருவர் தன் பானை என்று எழுதி வைத்தது. வைகை அணைக்கும் போகலாம், சுமார் 70 கிலோமீட்டர், பூங்கா இருக்கிறது, அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

குளக்கரையில் சாப்பிட என்ன கிடைக்கும்?

சாயங்காலமானால் சுண்டல், அவித்த கடலை, மாங்காய்ப் பத்தை, சோளக்கதிர், பருத்திப்பால், ஜிகர்தண்டா எல்லாம் வந்துவிடும். குப்பையைப் படியில் போடாதீர்கள். காற்று அடித்தால் நேராகத் தண்ணீருக்குத்தான் போகும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எந்த வரிசையில் பார்ப்பது?

காலையில் ஆறு மணிக்கு மீனாட்சியம்மன் கோவில், மறக்காமல் முக்குறுணி விநாயகர். டிபன் முடித்துவிட்டுச் சிம்மக்கல் படித்துறைகள் வழியாக ஏ.வி. பாலம் வரை நடை. வெயில் ஏறியதும் காந்தி அருங்காட்சியகம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கீழடி, அங்கிருந்து திரும்பும் வழியில் நாலரை ஐந்துக்குத் தெப்பக்குளம். முதலில் குளக்கரையில் இருக்கும் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் படகுக்குப் போங்கள். இறங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். படியில் உட்காருங்கள், ஏழு மணிவரை. எதிரே மண்டபத்தில் விளக்குப் போட்டதும் அதன் நிழல் தண்ணீரில் நீளமாக விழும், கடைசிப் படகு கரைக்கு வரும்போது அது துண்டு துண்டாக உடைந்து, கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.